வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு?

எரிந்த மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன ஆகுமுங்க, எப்பக் கிடைக்கும்?" என்பதுதான். வாழைக்குத் தண்ணீர் நின்றுபோயிருக்கும், மாட்டுத் தொட்டி காய்ந்திருக்கும். அவசரம் நியாயமானது. நான் பதிலுக்குக் கேட்பேன்: "ஓடுறப்ப எத்தனை வோல்ட் இருந்துச்சுங்க? எத்தனை ஆம்பியர் இழுத்துச்சு?" பெரும்பாலும் பதில் வராது. ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு மீட்டரும் இருக்கும். ஒன்றில் முள் நகராது, மற்றதின் கண்ணாடி புழுதியேறி மங்கியிருக்கும். அந்த இரண்டு எண்ணும் தெரியாமலேயே காயில் கட்டிக் கொடுத்துவிடலாம். கூலியும் வரும். அதே மோட்டார் அடுத்த வெயில் காலத்துக்குள் திரும்பியும் வரும்.

அன்னூர்ப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது கோவை கணபதியில். பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்தது, 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்த ஊரிலேயே மோட்டார் செய்தார்கள். அதற்குப் பிறகு கோவையில் மோட்டார் என்பது தெருத்தெருவாகத் தெரிந்த வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் ஸ்லாட்டில் கம்பி இறக்குவதற்கு முன்னால் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார் மேஸ்திரி. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். இந்த இரண்டு வரியை ஐ.டி.ஐ. முடித்த எந்தப் பையனும் தூக்கத்தில் சொல்வான். எந்த வோல்ட்டை, எந்த ஆம்பியரை, எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் தொழில் இருக்கிறது.

சின்ன ஓம் அளப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பையன்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான். ஒரு மில்லிலிருந்து 20 எச்.பி. மோட்டார் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முனையையும் பிரித்து, மூன்று ஃபேஸ் காயிலையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பார்த்தால் 1.1, 1.1, 1.0 என்று காட்டும். "மூணும் ஒண்ணுதாண்ணா" என்று பையன் மூடப் போவான். மல்டிமீட்டரின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் அதுவே 0.3 ஓம் காட்டும். ஒயரின் தடை, முனை அழுத்துகிற இடத்தின் தடை எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. ஒரு ஓமுக்குக் கீழே இருக்கிற காயிலில் அந்த 0.3 சின்ன எண் கிடையாது.

இதற்கு எங்கள் பட்டறையில் இருந்த வழி ஒரு 12 வோல்ட் லாரி பாட்டரியும் ஒரு ஹெட்லைட் பல்பும். பாட்டரி, பல்பு, ஆம்பியர் மீட்டர், காயில் நான்கையும் சீரிஸில் போடுவோம். பல்பு இருப்பதால் கரண்ட் நான்கைந்து ஆம்பியருக்கு மேல் போகாது. பிறகு வோல்ட் மீட்டரின் இரண்டு முனையையும், பாட்டரி கிளிப் கடிக்கிற இடத்துக்கு உள்ளே, காயில் கம்பியின் மேலேயே வைக்க வேண்டும். கிளிப்பின் மேல் வைத்தால் கிளிப்பின் தடையும் கணக்கில் வந்துவிடும். வோல்ட் மீட்டருக்குள் கரண்ட் ஏறக்குறையப் போவதே இல்லை, ஆகையால் அதன் ஒயர் எத்தனை நீளமாக இருந்தாலும் அளவு கெடாது. முதல் காயில் 4.2 ஆம்பியர், 3.36 வோல்ட். வகுத்தால் 0.80 ஓம். இரண்டாவதும் அதேதான். மூன்றாவது 4.3 ஆம்பியர், 3.15 வோல்ட், வகுத்தால் 0.73. மல்டிமீட்டர் மூன்றும் ஒன்று என்று மழுப்பிய இடத்தில், மூன்றாவது காயிலுக்குள் சில சுற்றுகள் எனாமல் போய் ஒட்டிக்கொண்டிருப்பது இப்படி எண்ணாக வெளியே வரும்.

இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். பல்பு சூடாகச் சூடாக அதன் தடை ஏறும், பாட்டரி மெதுவாக இறங்கும், கரண்ட் ஆடிக்கொண்டே இருக்கும். ஆம்பியரை இப்போது எழுதி, டீ குடித்துவிட்டு வந்து வோல்ட்டை எழுதினால் வருகிற ஓம் எந்தக் காயிலுக்கும் சொந்தமில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓமுக்கும் இதே தொல்லைதான் இருந்தது. அவர் காலத்துப் பாட்டரிகள் அளந்துகொண்டிருக்கும்போதே தொய்ந்துவிடும். பாகண்டார்ஃப் என்ற இன்னொரு விஞ்ஞானியின் யோசனைப்படி பாட்டரியை விட்டுவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத ஒரு வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டார். அப்புறம்தான் அவருடைய எண்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தன. புத்தகம் 1827-இல் வெளிவந்தது. லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது 1841-இல். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதை விதிக்காக மட்டும் கிடையாது. அளவு நிலையாக நிற்கும் வரை விடாமல் கருவியைத் திருத்திக்கொண்டே இருந்தாரே, அதற்காக.

பாட்டரி கிளிப்பைக் கழற்றும் முன் வோல்ட் மீட்டரை எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குள் சுற்றிய காயிலில் கரண்ட் சட்டென்று அறுந்தால் நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு நொடிக்கும் குறைவாக எகிறும். மீட்டரும் போகும், கையிலும் அடிக்கும்.

ஆறு முனையைப் பிரிக்க முடியாத மோட்டாராக இருந்தால் கணக்கு மாறும். ஸ்டாரில் கட்டியிருந்தால் இரண்டு முனைகளுக்கு இடையே அளப்பது இரண்டு காயிலின் கூட்டு. டெல்டாவில் அளப்பது ஒரு காயிலின் மூன்றில் இரண்டு பங்கு. இதைத் தெரியாமல் இரண்டு மோட்டாரை ஒப்பிட்டு, நல்ல காயிலைக் குறை சொல்லுகிறவர்கள் உண்டு.

கடையில் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி, எத்தனை எச்.பி., எத்தனை சுற்று, எந்த கேஜ், காயில் ஓம் எவ்வளவு, அன்றைக்கு என்ன வெப்பநிலை. பிரிக்கும் முன்னால் எழுதியது ஒரு பக்கம், கட்டி முடித்த பின் எழுதியது எதிர்ப்பக்கம். ஒருமுறை பெரியவர் ஒருவர் 5 எச்.பி. மோட்டாரைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் கட்டி, ஒரே பட்டத்துக்குள் இரண்டாவது முறை எரியப் போகிற நிலை. புகை வருவதற்கு முன் நிறுத்தியிருந்தார், அது அவருடைய சாமர்த்தியம்.

"மூணு ஃபேஸும் சரியாத்தான் இருக்குன்னு சொன்னாங்க தம்பி. மெக்கர் கூடப் போட்டுப் பாத்தாங்க."

மூன்று ஃபேஸும் சரியாகத்தான் இருந்தன. மூன்றும் 5.05 ஓம், இம்மி பிசகாமல். எங்கள் நோட்டில் அதே மாடலுக்கு 4.0 என்று இருந்தது. நான்குக்கு ஐந்து என்றால் நாலில் ஒரு பங்குக்கு மேல் தடை கூடியிருக்கிறது. பிரித்துப் பார்த்ததில் சுற்று எண்ணிக்கை சரி. கம்பி 20 கேஜுக்குப் பதில் 21. 20 கேஜின் விட்டம் 0.914 மில்லிமீட்டர், 21 கேஜின் விட்டம் 0.813. விரலில் வைத்துத் தேய்த்தால் வித்தியாசம் தெரியாது. விட்டத்தை வர்க்கப்படுத்திப் பரப்பைப் பார்த்தால் 21 சதவீதம் குறைகிறது. தடை 26 சதவீதம் ஏறுகிறது. அதே ஆம்பியர் ஓடினால் காயிலில் சூடும் 26 சதவீதம் கூடுகிறது. மெல்லிய கம்பி ஸ்லாட்டில் சுலபமாக இறங்கும், செம்பும் எடை குறையும், கட்டுகிறவருக்கு இரண்டு வகையில் லாபம். எதையும் பிரிக்காமல், பாட்டரியும் இரண்டு மீட்டரும் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம் என்று அந்தப் பெரியவருக்குக் காட்டிக் கொடுத்தேன். சரியான கம்பி எது, தவறானது எது என்று வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும். இது எங்கள் தொழிலுக்குள் மூடி வைக்க வேண்டிய ரகசியம் கிடையாது.

மூன்று ஃபேஸும் சமமாக இருக்கிறது என்பதும், மெக்கரில் எர்த் இல்லை என்று வருவதும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்று பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மெக்கர் 500 வோல்ட் கொடுத்து, காயிலிலிருந்து பாடிக்கு எத்தனை கரண்ட் கசிகிறது என்று பார்க்கிறது. அதற்குள்ளும் வகுத்தல் கணக்குத்தான். 500 வோல்ட்டில் அரை மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு மெகாஓம். அதற்குக் கீழே போன மோட்டாரை நான் ஓட்டக் கொடுப்பதில்லை. ஆனால் காயிலுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்துச் சுற்று ஒட்டியிருப்பதை மெக்கர் சொல்லாது.

ஓமை வைத்து வெப்பநிலையையும் சொல்லலாம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். செம்பு சூடானால் அதன் தடை ஏறும், எவ்வளவு ஏறும் என்பதற்கு நிலையான கணக்கு உண்டு. 234.5 என்ற எண்ணோடு வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எந்த விகிதத்தில் ஏறுகிறதோ அதே விகிதத்தில் தடையும் ஏறும். அந்த மில் மோட்டாரைப் புதிதாகக் கட்டி, காலையில் 30 டிகிரியில் அளந்தபோது 0.80 ஓம். முழு லோடில் சில மணி நேரம் ஓட்டி நிறுத்தி, உடனே அளந்தபோது 1.02. 30-ஐயும் 234.5-ஐயும் கூட்டினால் 264.5. அதை 1.02-ஆல் பெருக்கி 0.80-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 337. அதில் 234.5 போனால் 103 டிகிரி. காயிலுக்குள் யாரும் தெர்மாமீட்டர் செருக முடியாது. வெளியே பாடியைத் தொட்டுப் பார்ப்பது உதவாது, பாடி கை பொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே உள்ளே வார்னிஷ் கருகலாம். இந்தக் கணக்கு காயிலின் சராசரிச் சூட்டை நேராகச் சொல்கிறது. பி கிளாஸ் இன்சுலேஷனுக்கு எல்லை 130. 103-இல் நிற்கிறது என்றால் தைரியமாக அனுப்பலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் பல்பு. 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம் பக்கம்தான் காட்டும். 230 வோல்ட்டை 40-ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியருக்கு அருகில் வருகிறது, பல்பு இழுப்பதோ அரை ஆம்பியருக்கும் குறைவு. எரியும்போது அதன் தடை 529 ஓம். ஆறிக்கிடப்பதை அளந்து, எரிவதற்குக் கணக்குப் போடக் கூடாது.

சரி, மோட்டாருக்கு வருகிறேன். எந்தப் பையனாக இருந்தாலும், கொஞ்சம் யோசிக்கிறவனாக இருந்தால், வேலைக்கு வந்த சில வாரங்களில் ஒரு கேள்வி கேட்பான். "அண்ணா, இந்த 1 எச்.பி. மோட்டார்ல ரன்னிங் காயில் மூணரை ஓம்தான் இருக்கு. 230-ஐ மூணரையால வகுத்தா 65 ஆம்பியர் வருது. டாங் டெஸ்டர்ல ஏழுதான் காட்டுது. ஓம் சொன்னது தப்பாண்ணா?"

இதைக் கேட்கிற பையன் தொழிலில் நிற்பான் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிடும். அவனை உட்கார வைத்துச் சொல்வேன். ஓம் சொன்னது தப்பில்லை. சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டார் சும்மா கிடக்கிற கம்பி கிடையாது. உள்ளே மாறி மாறிப் போகிற காந்தம் அதே காயிலில் எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜை உண்டாக்குகிறது. லைனில் இருந்து வருகிற 230-இல் பெரும்பங்கை அது எதிர்த்து நிற்கிறது. மிச்சம் இருப்பதுதான் கம்பியின் தடைக்கு வந்து சேர்கிறது. ஏழு ஆம்பியரை மூணரையால் பெருக்கினால் 24.5 வோல்ட். கம்பியின் தடை தின்பது அவ்வளவுதான். பம்புக்குள் கல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு படுத்துவிடும், கரண்ட் 35 ஆம்பியருக்கு எகிறும். ஏசியாக இருப்பதால் காயிலின் காந்தம் அப்போதும் கொஞ்சம் தடுக்கிறது, ஆகவே 65-க்குப் போகாது. ஆனால் 35 போதும். கம்பியில் உண்டாகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால் வரும். ஏழு ஆம்பியரில் 171 வாட். 35 ஆம்பியரில் 4,287 வாட். கரண்ட் ஐந்து மடங்கு, சூடு இருபத்தைந்து மடங்கு. இந்த வர்க்கக் கணக்கை 1841-இல் சொன்னவர் இங்கிலாந்தின் ஜூல், கம்பிச் சுருளைத் தண்ணீரில் வைத்து அது எவ்வளவு சூடாகிறது என்று அளந்து கண்டுபிடித்தார். எங்கள் பக்கம் மோட்டார் எரிகிற கதைகள் பெரும்பாலும் இந்த வர்க்கத்துக்குள் அடங்கிவிடும்.

எரிந்த காயிலைப் பார்த்தாலே கதை கொஞ்சம் தெரியும். ஸ்டாரில் கட்டிய மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று பளபளவென்று இருந்தால், லைனில் ஒரு ஃபேஸ் போய் இரண்டில் ஓடியிருக்கிறது. டெல்டாவாக இருந்தால் ஒன்று மட்டும் கருகியிருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் அதிக லோடு அல்லது லோ வோல்டேஜ். இந்த மூன்றாவது வகைதான் வெயில் காலத்தில் கடை நிறைய வருகிறது.

லோ வோல்டேஜில் மோட்டார் எரியும் என்பதை நம்ப வைப்பது கடினம். இஸ்திரிப் பெட்டிக்கு வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும்? 1,000 வாட் பெட்டியின் தடை 52.9 ஓம். 230-க்குப் பதில் 180 வந்தால் கரண்டும் குறையும், வாட் 612-க்கு இறங்கும், துணி மெதுவாகக் காயும், பெட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. தோட்டத்துக்காரர் இதையே மோட்டாருக்கும் நினைக்கிறார். மோட்டார் அப்படி நடந்துகொள்ளாது. பம்பு கேட்கிற வேலை குறையவில்லை. அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் அந்த வேலையை முடிக்கும். 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுத்தது 330-இல் 10 இழுக்கும். வர்க்கத்தைப் போட்டால் சூடு 56 சதவீதம் கூடுதல்.

ஒரு தோட்டத்தில் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மூன்று முறை எரிந்தது. ஆயிரம் அடி போர். ஒவ்வொரு முறையும் வண்டி வைத்து மோட்டார் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கி, அந்தக் குடும்பம் செலவில் நொந்துபோயிருந்தது. மூன்றாவது முறைதான் என்னிடம் வந்தார்கள். காயில் கட்டிக் கொடுத்து, இறக்குகிற அன்றைக்கு நானும் போனேன்.

"வோல்டேஜ் பரவாயில்லீங்க. 380 காட்டுது பாருங்க" என்றார் தோட்டத்துக்காரர். ஸ்டார்ட்டரில் 380 உண்மைதான். டாங் டெஸ்டரைப் போட்டேன். நேம் பிளேட்டில் 13 ஆம்பியர், ஓடுவது 15.

"ஏனுங்க, காயில்ல குறையா?"

"காயில் சரிங்க. இந்த 380 இங்க மேல இருக்கிறது. மோட்டாருக்குப் போய்ச் சேர்றது எவ்வளவுன்னு பாக்கணும். கேபிள் எத்தனை ஸ்கொயருங்க?"

2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர். பழைய 300 அடி போருக்கு வாங்கியது. போர் ஆழமாகிக்கொண்டே போக, அதையே இணைத்து இணைத்து நீட்டியிருக்கிறார்கள். 2.5 ஸ்கொயர் செம்புக் கேபிளின் தடை ஒரு கிலோமீட்டருக்கு 8 ஓம் அளவில் வரும். ஆயிரம் அடி என்பது ஏறக்குறைய 300 மீட்டர், ஆக ஒவ்வொரு கோருக்கும் 2.4 ஓம். அதில் 15 ஆம்பியர் போனால் ஒவ்வொரு கோரிலும் 36 வோல்ட் கரைகிறது. மூன்று ஃபேஸ் என்பதால் 1.732-ஆல் பெருக்கி, பவர் ஃபேக்டருக்காகக் கொஞ்சம் கழித்தால் 50 வோல்ட்டுக்கு மேல். மேலே 380, கீழே மோட்டாரின் வாயில் 330-க்கும் குறைவு. அதனால்தான் அது 15 இழுக்கிறது. 15 இழுப்பதால்தான் கேபிளில் இன்னும் கரைகிறது. ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டே போகிறது.

சூட்டுக் கணக்கையும் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டுக் காட்டினேன். 15-இன் வர்க்கம் 225, 2.4-ஆல் பெருக்கினால் 540 வாட், மூன்று கோருக்கு 1,620 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். அனுப்பிய மின்சாரத்தில் இரண்டு எச்.பி.க்கு மேல் கேபிளைச் சூடேற்றவே போய்க்கொண்டிருந்தது. தோட்டத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த நஷ்டம் பில்லில் தெரிவதில்லை. வாய்க்காலில் குறைகிற தண்ணீராகவும், மோட்டார் தூக்குகிற கூலியாகவும்தான் தெரிகிறது. அந்தக் காயில் பிவிசி உறை போட்ட கம்பி. 70 டிகிரிக்கு மேல் தாங்காது. தண்ணீர் மட்டம் இறங்கி, சுற்றியுள்ள தண்ணீரும் குறைவாக ஓடுகிற கோடையில் அந்த எல்லையைத் தாண்டச் சில மணி நேரம் போதும்.

6 ஸ்கொயர் கேபிளின் விலையைக் கேட்டதும் அவர் தயங்கினார். மூன்று முறை காயில் கட்டிய செலவையும் தூக்கிய கூலியையும் அவர் மனைவி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கேபிள் மாறியது. 6 ஸ்கொயரில் அதே தூரத்துக்கு ஒரு கோருக்கு ஒரு ஓம்தான். கரண்ட் 13.5-க்கு இறங்கியது, மோட்டாருக்கு 360 வோல்ட் போய்ச் சேர்ந்தது, கேபிளில் வீணாவது 547 வாட்டாகக் குறைந்தது. அந்த மோட்டார் அதற்கப்புறம் எரிந்து என் கடைக்கு வரவில்லை. இத்தனைக்கும் மின் வாரியத்து வோல்டேஜ் அதே 380-தான்.

கேபிளுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. ஸ்டார்ட்டரில் ஒரு திருகு தளர்ந்து, அந்த இணைப்பின் தடை 0.2 ஓம் ஆகிவிட்டால் போதும். 13 ஆம்பியரில் அந்த ஓரிடத்தில் 34 வாட் சூடு உண்டாகும். நாங்கள் சால்டரிங் வைக்கிற அயர்ன் 25 வாட். விரல் நகத்தை விடச் சின்ன இடத்தில் அதை விடப் பெரிய சூடு இரவு பகலாக இருந்தால் பேக்கலைட் கருகாமல் என்ன செய்யும்? இதைக் கண்டுபிடிக்க, லோடு ஓடும்போது திருகின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். நல்ல இணைப்பில் மில்லி வோல்ட் கணக்கில்தான் வரும். இரண்டரை வோல்ட் வந்தால் அந்த இடம் போய்விட்டது. வீட்டு ஒயரிங்கிலும் கீசர் சாக்கெட்டை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

வாட் கணக்கில் ஒரு குழப்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1 எச்.பி. மோட்டாரில் 230 வோல்ட், 7 ஆம்பியர், பெருக்கினால் 1,610. அது வாட் ஆகாது. ஏசியில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை, ஆகவே பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். பவர் ஃபேக்டர் மீட்டர் இல்லாதவர்களுக்கு வீட்டு மின் மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு 3,200 பல்ஸ் என்பது போல முகப்பில் அச்சிட்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்து மோட்டாரை மட்டும் ஓட்டி, பத்து மின்னலுக்கு எத்தனை நொடி என்று பார்த்தேன், 9 நொடி. கணக்குப் போட்டால் 1,250 வாட். 1,610-இல் 1,250 என்றால் பவர் ஃபேக்டர் 0.78. தண்டில் கிடைப்பது 746 வாட் என்பதால் மோட்டாரின் திறன் 60 சதவீதம். ஒரு பேனாவும் கைக்கடிகாரமும் இருந்தால் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

கடைசியாக எர்த். மோட்டார் எரிந்தால் பணம் போகும், எர்த் சரியில்லை என்றால் ஆள் போவார். எங்கள் பக்கத்து மண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும். எர்த் குழியை எர்த் டெஸ்டரில் பார்த்தால் 20 ஓம் காட்டும். அந்தக் கருவியும் மண்ணுக்குள் கரண்ட்டை அனுப்பி, வோல்ட்டை அளந்து, வகுத்துத்தான் சொல்கிறது. "எர்த் போட்டிருக்குதுங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். பம்பின் பாடியில் ஒரு ஃபேஸ் ஒட்டிவிட்டது என்று கணக்குப் போடுங்கள். டிரான்ஸ்பார்மரின் எர்த் 2 ஓம், நம்முடையது 20. 230-ஐ 22-ஆல் வகுத்தால் பத்தரை ஆம்பியர். 20 ஆம்பியர் ஃபியூஸ் அதற்குப் போகாது. பம்பின் பாடியில் 209 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவரின் உடல் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால் அவர் வழியாக 200 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும். உயிரை எடுக்க அது போதும்.

எர்த்தோடு சேர்த்து, கசிவைக் கண்டதும் லைனை அறுக்கிற ஆர்சிசிபி வைக்கச் சொல்வது இதனால்தான். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வைக்கிறேன். நீளமான கேபிளோடு பழைய மோட்டார் தண்ணீருக்குள் கிடக்கிற தோட்டத்தில் 30 வைத்தால் இயல்பான கசிவுக்கே விழுந்துவிடும், விழுந்துகொண்டே இருந்தால் யாராவது அதைச் சுற்றி ஒயர் போட்டு நேராகக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே அங்கே 100 மில்லி ஆம்பியர். அதே 20 ஓம் குழிதான், ஆனால் கசிவு 0.1 ஆம்பியரைத் தொட்டதும் லைன் அறுந்துவிடும். 20-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். அதற்கு மேல் பம்பின் பாடியில் வோல்டேஜ் நிற்க வழியில்லை. இப்போதெல்லாம் மோட்டார் இறக்குகிற இடத்தில் இந்தக் கணக்கைச் சுண்ணாம்புக் கட்டியால் ஸ்டார்ட்டர் பலகையிலேயே எழுதிக் காட்டிவிட்டு, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அழுத்தச் சொல்கிறேன்.